அடைப்பு எங்கே?

கணிப்பொறியின் ஒலியையும் படத்தையும் சோதிக்க ஒரு வழி

வானொலிப் பெட்டி ஒன்று பாடவில்லை என்று வைத்துக்கொள்வோம். வால்வுப் பெட்டிகள் வழங்கிய காலத்தில், தொழில் தெரிந்த பழுதுபார்ப்பவர் பின்மூடியைக் கழற்றியதும் எந்த உறுப்பையும் பிடுங்கி மாற்றிவிட மாட்டார். பெட்டியை இயக்கிவிட்டு, ஒலியளவைக் கூட்டிக் குறைக்கும் மாறுதடையின் நடுமுனையைத் திருப்புளியின் நுனியால் மெல்லத் தொடுவார். அவருடைய விரல் திருப்புளியின் உலோகத் தண்டில் பட்டிருக்கும். உடனே ஒலிபெருக்கியில் 'ம்ம்ம்' என்று ஓர் உறுமல் எழும். சுவர்களுக்குள் ஓடும் மின்கம்பிகளைச் சுற்றி 50 ஹெர்ட்ஸ் அதிர்வெண்ணில் ஒரு மின்புலம் மாறிக்கொண்டேயிருக்கிறது. மனித உடல் ஓர் அலைவாங்கியைப் போல் அதை ஏற்று, சிறியதொரு மின்னழுத்தத்தைப் பெட்டிக்குள் செலுத்துகிறது. அதன் குரல்தான் அந்த உறுமல்.

உறுமல் கேட்டால், தொட்ட இடத்திலிருந்து ஒலிபெருக்கி வரையுள்ள பகுதி நன்றாக இருக்கிறது. பழுது அதற்கு முன்னால். கேட்காவிட்டால் பழுது அதற்குப் பின்னால். ஒரே தொடுதலில், தேடவேண்டிய இடம் பாதியாகிவிடுகிறது. (வால்வுப் பெட்டிக்குள் 200, 250 வோல்ட் சாதாரணமாக உலவும். ஆகவே இதைப் படித்துவிட்டு யாரும் பரணிலுள்ள பழைய பெட்டிக்குள் விரலை நீட்ட வேண்டாம்.)

இன்று பாட்டும் பாடமும் படமும் கணிப்பொறியிலிருந்து வருகின்றன. ஒரு நாள் படம் ஓடுகிறது, ஒலி வரவில்லை. அல்லது ஒலி வருகிறது, திரை கறுத்துக் கிடக்கிறது. திருப்புளியால் தொட அங்கே முனை ஏதும் இல்லை. அதனால் பலரும் செய்வது என்ன? அணைத்து மறுபடி இயக்கிப் பார்க்கிறார்கள். அதற்கும் மசியவில்லையென்றால் கடைக்குக் கொண்டுபோகிறார்கள். கடையில் பெரும்பாலும் ஒரே மருந்துதான்: வட்டை அழித்துவிட்டு எல்லாவற்றையும் புதிதாக நிறுவுவது. 'ஃபார்மேட்' என்ற சொல்லைக் கேட்டிராத கல்லூரி மாணவர் இன்று இருக்கமாட்டார்.

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் கல்லூரித் தமிழ்த்துறை மாணவி ஒருவர், தம் ஊரிலும் பக்கத்து ஊர்களிலும் உள்ள மூதாட்டியரிடம் தாலாட்டும் ஒப்பாரியும் பாடச் சொல்லிப் பதிவு செய்து வைத்திருந்தார். நாற்பதுக்கு மேற்பட்ட பாடல்கள். மடிக்கணினியில் திடீரென்று ஒலி நின்றுபோயிற்று. கடைக்காரர் வழக்கமான மருந்தைக் கொடுத்தார். பாடல்கள் போயின, ஒலியும் வரவில்லை. காரணம் மென்பொருளிலேயே இல்லை. காதொலிப்பானைச் செருகும் துளைக்குள் இருக்கும் சிறு தொடுசாவி சிக்கிக்கொண்டு, காதொலிப்பான் செருகப்பட்டிருப்பதாகவே கணிப்பொறியிடம் சொல்லிக்கொண்டிருந்தது. ஆகவே உள் ஒலிபெருக்கியைக் கணிப்பொறி வாயடைத்து வைத்திருந்தது. அந்த மூதாட்டியருள் இருவர் அதற்குள் இறந்துவிட்டார்கள்.

பத்து நிமிடச் சோதனை அந்த வட்டைக் காப்பாற்றியிருக்கும். அந்தச் சோதனையை எப்படிச் செய்வது என்பதுதான் இக்கட்டுரை.

ஊற்றும் வடிகாலும்

கணிப்பொறியில் ஒரு படக்கோப்பைத் திறக்கும்போது, அது நேராகத் திரைக்குப் போய்விடுவதில்லை. எத்தனை கைகள் மாறுகிறது என்பதைப் பார்ப்போம்.

முதலில் கோப்பு வட்டிலிருந்து படிக்கப்படுகிறது. நாம் எம்.பி.4 என்றும் எம்.கே.வி. என்றும் சொல்பவை வெறும் கொள்கலன்களே. அடுக்குத் தூக்கில் ஒரு தட்டில் சோறும் இன்னொன்றில் குழம்பும் இருப்பதுபோல், ஒரே கொள்கலனுக்குள் படம் ஒரு தாரையாகவும் ஒலி இன்னொரு தாரையாகவும் இருக்கும். தூக்கின் வடிவத்தைப் பார்த்து உள்ளே இருப்பது சாம்பாரா, வற்றற்குழம்பா என்று சொல்ல முடியாது. அதுபோலவே கோப்பின் பெயருக்குப் பின்னாலுள்ள எம்.பி.4 என்ற வாலை வைத்து உள்ளிருக்கும் படம் எந்த முறையில் சுருக்கப்பட்டது என்று கூறிவிட முடியாது.

சுருக்குவது ஏன் என்று கேட்கலாம். குறுக்கே 1920, நெடுக்கே 1080 புள்ளிகள் கொண்ட ஒரு படத்தில் 20,73,600 புள்ளிகள் உள்ளன. ஒவ்வொன்றுக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று பைட்டுகள். நொடிக்கு 25 படங்கள். பெருக்கிப் பார்த்தால் நொடிக்கு 15 கோடியே 55 இலட்சம் பைட்டுகளுக்கு மேல் வருகிறது. ஒரு மணி நேரப் பாடத்துக்கு ஏறத்தாழ 560 ஜிகாபைட்! அதே பாடம் நம் கைக்கு வரும்போது ஒரு ஜிகாபைட்டுக்குள் அடங்கிவிடுகிறது. அடுத்தடுத்த படங்களில் மாறாத பகுதிகளைத் திரும்பத் திரும்ப எழுதாமல் மாறியதை மட்டும் எழுதிவைப்பது இதிலுள்ள முக்கியமான உத்தி. படத்துக்கு 2003-இல் வெளிவந்த எச்.264 முறையும், ஒலிக்கு 1997-இல் வெளிவந்த ஏ.ஏ.சி. முறையும் இன்றும் பெருவழக்கு.

ஆகவே கொள்கலனைப் பிரிக்க ஓர் உறுப்பு, படத்தை விரிக்க ஓர் உறுப்பு, ஒலியை விரிக்க வேறோர் உறுப்பு, விரித்ததைத் திரைக்கும் ஒலிபெருக்கிக்கும் ஏற்ற வடிவில் மாற்ற உறுப்புகள், கடைசியில் திரையும் ஒலிபெருக்கியும். இது ஒரு குழாய்த்தொடர். ஒரு முனையில் ஊற்று, மறுமுனையில் வடிகால். எந்தக் கண்ணி அறுந்தாலும் கடைசியில் நமக்குத் தெரிவது ஒன்றே ஒன்றுதான்: 'படம் ஓடவில்லை.'

குழாய் என்ற உவமை நான் இட்டுக்கட்டியது அன்று. அமெரிக்காவில் பெல் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த டக்ளஸ் மக்கில்ராய், தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்சும் குழாய்த் துண்டுகளைத் திருகி இணைப்பதுபோல் நிரல்களையும் ஒன்றோடொன்று இணைக்க வழி வேண்டும் என்று 1964-இலேயே எழுதிவைத்தார். 1973-இல் கென் தாம்ப்சன் அதை யூனிக்ஸ் இயக்க முறைமையில் செய்துகாட்டினார். ஒரு நிரலின் வெளியீடு அடுத்த நிரலின் உள்ளீடாகும். இரண்டுக்கும் இடையே ஒரு செங்குத்துக் கோடு இட்டால் போதும்.

இதே கருத்தை ஒலிக்கும் படத்துக்கும் கொண்டுவந்தது ஜி-ஸ்ட்ரீமர் என்னும் மென்பொருள். 1999-இல் எரிக் வால்தின்சன் தொடங்கியது, 1.0 பதிப்பு 2012-இல் வெளியாயிற்று. கட்டற்ற மென்பொருளாதலால் காசு கொடுக்க வேண்டியதில்லை. லினக்ஸ் வகைகள் பலவற்றில் இது ஏற்கனவே இருக்கும். சிலவற்றில் சோதனைக் கருவிகளை மட்டும் தனியே நிறுவிக்கொள்ள வேண்டும். விண்டோசிலும் நிறுவலாம். தமிழ்நாட்டு அரசு 2011 முதல் மாணவர்களுக்கு வழங்கிய மடிக்கணினிகளில் விண்டோசுடன் பாஸ் லினக்சும் இருந்ததைப் பலர் கவனித்திருப்பார்கள். கவனிக்காமலே விட்டவர்கள் அதனினும் மிகுதி.

முதல் தொடுதல்: ஒலி

திருப்புளிக்கு ஈடாக இங்கே ஓர் ஆணை இருக்கிறது. ஆணைவரிச் சாளரத்தைத் திறந்து அதில் தட்டச்சிட வேண்டும். ஆணைகளைக் கீழே ஒலிப்பின்படி தமிழில் தருகிறேன். கணிப்பொறியில் ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் இட்டால்தான் வேலை செய்யும். ஆணையின் பெயர் 'ஜிஎஸ்டி-லாஞ்ச்-1.0' என்பது. (ஜி.எஸ்.டி. என்றதும் கடைச்சீட்டு நினைவுக்கு வரும். இது அந்த வரியன்று.) அதற்குப் பின் உறுப்புகளின் பெயர்களை வரிசையாக எழுதி, இடையிடையே வியப்புக்குறி இட வேண்டும். செங்குத்துக் கோட்டை ஆணைவரியே தனக்கென்று வைத்துக்கொண்டிருப்பதால், இங்கே இணைப்புக் குறியாக வியப்புக்குறி வழங்குகிறது. குறியின் இருபுறமும் இடைவெளி விட மறக்கலாகாது.

ஜிஎஸ்டி-லாஞ்ச்-1.0 ஆடியோடெஸ்ட்எஸ்ஆர்சி ! ஆட்டோஆடியோசிங்க்

இரண்டே உறுப்புகள். முதலாவது ஊற்று: கோப்பு எதுவும் இல்லாமல் தானே ஓர் ஒலியை உண்டாக்குவது. ஊற்றைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் உயிரெழுத்துகளையும் சேர்த்து எழுதாமல், எஸ், ஆர், சி என்ற மூன்று எழுத்துகளை மட்டும் வைத்திருக்கிறார்கள். இரண்டாவது வடிகால்: கணிப்பொறி எந்த ஒலிவாயிலைத் தேர்ந்திருக்கிறதோ அதைத் தானே கண்டுபிடித்து அதில் கொண்டுபோய்க் கொட்டுவது.

ஆணையை இடுமுன் ஒலியளவைக் குறைத்துக்கொள்ளுங்கள். காதொலிப்பான் அணிந்திருந்தால் கழற்றிவிடுங்கள். வருகிற ஒலி கூர்மையானது. இட்டவுடன் 440 ஹெர்ட்ஸ் அதிர்வெண்ணில் ஒரு தூய சைன் அலை கேட்கும். இசைக்கருவிகளைச் சுருதி கூட்டுவதற்குப் பன்னாட்டுத் தர அமைப்பு 1955-இல் பரிந்துரைத்த அதே அதிர்வெண். நிறுத்த, கன்ட்ரோல் விசையுடன் சி எழுத்தை அழுத்த வேண்டும்.

ஒலி கேட்டால், ஒலி அட்டையும் அதன் இயக்கியும் ஒலிபெருக்கியும் குற்றமற்றவை. இனி கோப்பின் பக்கம் தேடலாம். கேட்கவில்லையென்றால், ஆணை என்ன சொல்கிறது என்று பார்க்க வேண்டும். வடிகாலைத் திறக்கவே முடியவில்லை என்று பிழைச்செய்தி வந்தால் கோளாறு இயக்கியிலோ அட்டையிலோ இருக்கிறது. பிழை ஏதுமின்றி, ஓடுவதாகவே ஆணை சொல்லி, ஒலிக்கட்டுப்பாட்டுச் சாளரத்திலுள்ள அளவுப்பட்டையும் துள்ளிக்கொண்டிருந்து, காதில் மட்டும் ஒன்றும் விழவில்லையென்றால் கணிப்பொறி எங்கேயோ பாடிக்கொண்டிருக்கிறது என்று பொருள். நாம் கேட்கும் இடத்தில் பாடவில்லை. அந்த மாணவியின் மடிக்கணினி இந்த இனம். காதொலிப்பானைச் செருகினால் 440 ஹெர்ட்ஸ் கேட்டிருக்கும். எடுத்தபின்னும் உள் ஒலிபெருக்கி ஊமையாகவே இருந்திருக்கும். செருகுதுளையைச் சுத்தம் செய்யத்தான் கடைக்குப் போகவேண்டியிருந்தது.

கருத்தரங்கக் கூடங்களில் அடிக்கடி நேர்வதும் இதுதான். எச்.டி.எம்.ஐ. வடம் வழியாகப் படவீழ்த்தியை இணைத்ததும், கணிப்பொறி ஒலியையும் அதே வடத்தின் வழியே அனுப்பத் தொடங்கிவிடும். வீழ்த்தியில் ஒலிபெருக்கியே இருக்காது, அல்லது அது கூரையில் யாருக்கும் கேட்காமல் முனகிக்கொண்டிருக்கும். கூடத்துப் பெருக்கியைக் குறை சொல்லி, புதியது வாங்க விலைப்புள்ளி கேட்கும் வரை போவதைப் பார்த்திருக்கிறேன். ஒலி அமைப்பில் வாயிலை மாற்றினால் போதும்.

இந்தச் சோதனை ஊற்று, இயற்பியல் மாணவருக்கு இன்னும் சில செய்திகளைச் சொல்லும். உறுப்பின் பெயருக்குப் பின் 'ஃப்ரெக்=100' என்று சேர்த்தால் (அதிர்வெண்ணைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் முதல் நான்கு எழுத்துகள்) ஒலி 100 ஹெர்ட்ஸாக மாறும். மடிக்கணினியின் சிறிய ஒலிபெருக்கியில் அது கேட்கவே கேட்காது, அல்லது மிக மெலிந்து கேட்கும். அவ்வளவு சிறிய கூம்பால் அந்த அதிர்வெண்ணில் போதிய காற்றைத் தள்ள முடிவதில்லை. இது பழுதன்று. இப்போது 'வேவ்=சா' என்று சேர்த்து, சைன் அலைக்குப் பதிலாக வாள்பல் வடிவ அலையை வரவழையுங்கள். அதே 100 ஹெர்ட்ஸ் தெளிவாகக் கேட்கும்! வாள்பல் அலையில் 200, 300, 400 என மேற்சுரங்கள் நிறைந்திருக்கின்றன. ஒலிபெருக்கி அவற்றைத் தருகிறது. தராத அடிப்படைச் சுரத்தை நம் செவியும் மூளையும் சேர்ந்து நிரப்பிக்கொள்கின்றன. தொலைபேசியில் ஆண்குரலின் தாழ்ந்த அடிச்சுரம் வெட்டுப்பட்டாலும் குரல் தடித்தே கேட்பதற்கும் இதுவே காரணம்.

மேல் எல்லையிலும் ஓர் எச்சரிக்கை உண்டு. 17,000 ஹெர்ட்ஸ் ஒலியை வகுப்பில் இசைத்தால் மாணவர்களில் பலர் கை தூக்குகிறார்கள். 30 வயதைக் கடந்த எனக்கு அங்கே அமைதிதான். ஆகவே ஒலிபெருக்கியைச் சோதிப்பவர் 440-இலோ 1,000-இலோ சோதிப்பது நல்லது. தம் காதைச் சோதித்துவிட்டுக் கருவியைப் பழிக்கக் கூடாது.

இரண்டாம் தொடுதல்: வண்ணப் பட்டைகள்

ஜிஎஸ்டி-லாஞ்ச்-1.0 வீடியோடெஸ்ட்எஸ்ஆர்சி ! ஆட்டோவீடியோசிங்க்

இந்த ஆணையை இட்டால் ஒரு சிறு சாளரம் திறந்து அதில் ஏழு வண்ணப் பட்டைகள் நிற்கும்: வெண்மை, மஞ்சள், வெளிர்நீலப் பச்சை, பச்சை, செந்நீலம், சிவப்பு, நீலம். 1982-இல் இந்தியாவுக்கு வண்ணத் தொலைக்காட்சி வந்த பிறகு, நிகழ்ச்சி தொடங்கும் முன்பே பெட்டியைத் திறந்து வைத்துக் காத்திருந்த தலைமுறைக்கு இப்பட்டைகள் பழக்கமானவை. அழகுக்காக வைத்த கோலம் என்று அன்று பலர் நினைத்ததுண்டு. உண்மையில் அது ஒரு அளவுகோல். இப்போது நம் சாளரத்தில் வருவது, 1970-களில் அமெரிக்காவில் சி.பி.எஸ். ஆய்வுக்கூடத்தில் உருவாகிப் பின்னர் அந்நாட்டுத் திரைப்பட, தொலைக்காட்சிப் பொறியாளர் கழகத்தின் தரமாக ஏற்கப்பட்ட அமைப்பு.

பட்டைகளின் வரிசையில் ஒரு நுட்பம் இருக்கிறது. மூன்று அடிப்படை ஒளிகளும் நம் கண்ணுக்கு ஒரே அளவு பொலிவுடையவை அல்ல. பச்சைக்கு 0.587, சிவப்புக்கு 0.299, நீலத்துக்கு 0.114 என்று தொலைக்காட்சியில் எடை தருகிறார்கள். சிவப்பும் பச்சையும் சேர்ந்த மஞ்சளின் பொலிவு 0.886. பச்சையும் நீலமும் சேர்ந்தது 0.701. தனிப் பச்சை 0.587. சிவப்பும் நீலமும் சேர்ந்தது 0.413. பிறகு சிவப்பு, கடைசியில் நீலம். இடமிருந்து வலமாகப் பொலிவு படிப்படியாக இறங்குகிறது. கறுப்பு வெள்ளைப் பெட்டியில் இதே படம் வெளுப்பிலிருந்து கருமைக்கு இறங்கும் ஒரு படிக்கட்டாகத் தெரியும்.

பழுது பார்ப்பவருக்கு உதவுவது இன்னொரு செய்தி. பச்சை ஒளி முதல் நான்கு பட்டைகளில் எரிகிறது; மற்ற மூன்றில் அணைந்திருக்கிறது. சிவப்பு இரண்டு பட்டைகளில் எரிந்து, இரண்டில் அணைந்து, மறுபடி இரண்டில் எரிகிறது. நீலம் ஒன்று விட்டு ஒன்று. எட்டாவதாக ஒரு கறுப்புப் பட்டையும் இருந்திருந்தால், இரும எண்களை ஏழிலிருந்து சுழி வரை எண்ணி வைத்ததாகவே ஆகியிருக்கும். ஆகவே ஏதேனும் ஒரு நிறம் வழியில் தொலைந்தால், எது தொலைந்தது என்று பட்டைகளே சொல்லிவிடும். பல கல்லூரிகளில் பழைய வி.ஜி.ஏ. வடங்கள் இன்னும் பயன்படுகின்றன. அவற்றில் மூன்று நிறங்களும் மூன்று தனித்தனி ஊசிகளில் போகின்றன. சிவப்புக்குரிய ஊசி வளைந்துவிட்டால் வெண்பட்டை வெளிர்நீலப் பச்சையாகும், மஞ்சள் பச்சையாகும், செந்நீலம் நீலமாகும், சிவப்புப் பட்டை இருண்டுவிடும். நீல ஊசி போனால் வெண்மை மஞ்சளாகும், நீலப் பட்டை இருளும். வகுப்புப் படத்தில் ஒரு மரமோ முகமோ நிறம் மாறித் தெரிந்தால், அது எடுத்தவர் குற்றமா வடத்தின் குற்றமா என்று வாதிட்டுக்கொண்டிருக்கலாம். பட்டைகளிடம் வாதம் செல்லாது. அவற்றின் நிறம் என்னவாக இருக்க வேண்டும் என்பது நமக்கு முன்கூட்டியே தெரியும். சோதனை ஊற்றின் பயனே அதுதான்.

சாளரத்தின் வலப்புறக் கீழ்மூலையில் புள்ளிகள் பொறிபொறியாக ஆடிக்கொண்டிருப்பதையும் காணலாம். மற்ற பட்டைகள் அசையாதவை. அவற்றை மட்டும் பார்த்தால், படம் ஓடுகிறதா உறைந்துவிட்டதா என்று தெரியாது. பொறிகள் ஆடினால் புதுப்புதுப் படங்கள் வந்துகொண்டிருக்கின்றன என்று அறியலாம்.

இனி, கோப்பு

இரண்டு சோதனைகளிலும் தேறியும் குறிப்பிட்ட கோப்பு மட்டும் ஓடவில்லையென்றால், குழாயின் பிற்பகுதி நலம்; முற்பகுதியைப் பார்க்க வேண்டும். இங்கே ஒரு விந்தையான உறுப்பு கைகொடுக்கிறது. அதன் பெயர் 'ஃபேக்சிங்க்', அதாவது பொய் வடிகால். வருவதையெல்லாம் விழுங்கிவிட்டு ஒன்றும் செய்யாதிருப்பதே அதன் தொழில்.

ஜிஎஸ்டி-லாஞ்ச்-1.0 ஃபைல்எஸ்ஆர்சி லொகேஷன்=பாடம்.எம்பி4 ! டீகோட்பின் ! வீடியோகன்வர்ட் ! ஃபேக்சிங்க்

கோப்பைப் படி, கொள்கலனைப் பிரித்துச் சுருக்கத்தை விரி, படத்தாரையை வடிவம் மாற்று, பிறகு எறிந்துவிடு. திரையும் இல்லை, ஒலிபெருக்கியும் இல்லை. இதுவும் தடுக்கி விழுந்தால் குற்றம் கோப்பிலோ விரிக்கும் உறுப்பிலோதான். பல சமயங்களில் ஆணையே தெளிவாகச் சொல்லிவிடும்: இன்ன வகையை விரிக்கும் செருகுறுப்பு இந்தக் கணிப்பொறியில் இல்லை என்று.

ஏன் இல்லை என்பதற்குப் பின்னால் இயற்பியல் கிடையாது, சட்டம் இருக்கிறது. சுருக்கும் முறைகள் பலவற்றின்மீது காப்புரிமைகள் இருந்ததால், லினக்ஸ் வெளியிடுவோர் சிலர் அவற்றை உடன்சேர்த்துத் தரத் தயங்கினார்கள். எம்.பி.3 முறையின் காப்புரிமைகள் 2017-இல்தான் ஓய்ந்தன. ஜி-ஸ்ட்ரீமர்க்காரர்கள் தங்கள் செருகுறுப்புகளை 'நல்லவை', 'அசிங்கமானவை', 'கெட்டவை' என்று மூட்டை கட்டியிருக்கிறார்கள். 1966-இல் செர்ஜியோ லியோனே இயக்கிய கௌபாய் படத்தின் பெயரைக் கேலியாக எடுத்துக்கொண்டது. அசிங்கமானவை தரத்தில் குறைந்தவை அல்ல. வழங்குவதில் சட்டச் சிக்கல் நேரக்கூடியவை. கெட்டவை இன்னும் போதிய அளவு சரிபார்க்கப்படாதவை. வேண்டிய மூட்டையை நிறுவினால் கோப்பு ஓடத் தொடங்கும். கணிப்பொறியை மாற்றவோ வட்டை அழிக்கவோ தேவையில்லை.

பொய் வடிகாலுக்கு மற்றொரு பயனும் உண்டு. அது கடிகாரத்தைப் பார்த்துக் காத்திருப்பதில்லை. எவ்வளவு விரைவாக வந்தாலும் விழுங்கும். முடிந்ததும் எவ்வளவு நேரம் ஆயிற்று என்று ஆணை கடைசி வரியில் அச்சிட்டுவிடும். 60 நொடிப் படத்தை 20 நொடியில் விழுங்கினால், கணிப்பொறிக்கு மும்மடங்கு வலிமை மிச்சம் இருக்கிறது. 80 நொடி ஆயிற்றென்றால் அந்தப் படம் அந்தக் கணிப்பொறியில் ஒருநாளும் விக்காமல் ஓடாது. இணைய இணைப்பையோ படவீழ்த்தியையோ குறை கூறுவதில் பயனில்லை. சிறிய அளவில் எடுத்த படத்தைத் தேடிக்கொள்வதே வழி. 'வேகம் போதவில்லை' என்று பொத்தாம்பொதுவாகச் சொல்வதற்கும், 60-க்கு 80 என்று அளந்து சொல்வதற்கும் வேறுபாடு உண்டு அல்லவா?

கோப்புக்குள் எந்த எந்தத் தாரைகள் இருக்கின்றன என்று மட்டும் தெரிந்தால் போதுமென்றால் 'ஜிஎஸ்டி-டிஸ்கவரர்-1.0' என்ற ஆணை இருக்கிறது. எந்த உறுப்பு எதைச் செய்யும் என்று விளக்குவது 'ஜிஎஸ்டி-இன்ஸ்பெக்ட்-1.0'.

உதடும் ஒலியும்

படமும் வருகிறது, ஒலியும் வருகிறது. ஆனால் உதடு ஒன்று சொல்ல ஒலி பின்னால் வருகிறது. இது தனி நோய்.

விரித்தெடுத்த ஒவ்வொரு துண்டின்மீதும், அது தொடக்கத்திலிருந்து எத்தனையாவது நொடியில் வெளிப்பட வேண்டும் என்று ஒரு நேரமுத்திரை குத்தப்பட்டிருக்கும். வடிகால் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்து, நேரம் வந்ததும் துண்டை வெளியே விடும். எந்தக் கடிகாரம்? பெரும்பாலும் ஒலி அட்டையின் கடிகாரம். ஒலியில் இமைப்பொழுது வெற்றிடம் விழுந்தாலும் செவி 'டக்' என்று கண்டுகொள்ளும். 25-இல் ஒரு படம் தவறினால் கண் பெரும்பாலும் பொறுத்துக்கொள்ளும். ஆகவே ஒலி தன் நடையில் செல்ல, படம் அதற்கேற்பத் தன்னைச் சரிசெய்துகொள்கிறது. இப்படி ஒரே கடிகாரத்தில் கட்டாவிட்டால் என்ன ஆகும்? இரண்டு படிகக் கடிகாரங்கள் பத்து இலட்சத்தில் 50 பங்கு வேறுபட்டாலே ஒரு மணி நேரத்தில் 0.18 நொடி விலகிவிடும்.

அது பெரிய விலகலா? பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியம் 1998-இல் வெளியிட்ட பரிந்துரைப்படி, ஒலி 0.045 நொடி முந்தினாலே பார்ப்பவர் கண்டுபிடித்துவிடுகிறார், பிந்தினால் 0.125 நொடி வரை கண்டுகொள்வதில்லை. இந்த ஓரவஞ்சனைக்குக் காரணம் நம் பழக்கமாக இருக்கலாம். குளத்தின் அக்கரைப் படித்துறையில் துணி துவைப்பவரைப் பாருங்கள். துணி கல்லில் படுவது முன்னே தெரிகிறது. ஓசை பின்னே வருகிறது. ஒலி நொடிக்கு ஏறத்தாழ 343 மீட்டர் செல்வதால், 43 மீட்டருக்கு அப்பால் துவைத்தால் 0.125 நொடி. பிந்தி வரும் ஒலி உலகத்து இயல்பு. முந்தி வரும் ஒலியை இயற்கையில் யாரும் கேட்டதில்லை.

சோதிக்க, படத்தின்மேல் நேரத்தை எழுதும் உறுப்பையும், நொடிக்கொரு முறை 'டிக்' என்று தட்டும் ஒலியையும் ஒரே ஆணையில் ஓடவிடலாம்.

ஜிஎஸ்டி-லாஞ்ச்-1.0 வீடியோடெஸ்ட்எஸ்ஆர்சி ! டைம்ஓவர்லே ! ஆட்டோவீடியோசிங்க் ஆடியோடெஸ்ட்எஸ்ஆர்சி வேவ்=டிக்ஸ் ! ஆட்டோஆடியோசிங்க்

நொடி எண் மாறும்போதே தட்டல் கேட்க வேண்டும். கம்பியில்லாப் புளூடூத் ஒலிபெருக்கிகள் ஒலியைச் சுருக்கி அனுப்பி மறுபடி விரிப்பதால் தாமதம் உண்டாக்கும். அத்தாமதம் எவ்வளவு என்று கணிப்பொறிக்குத் தெரிந்தால் படத்தையும் அதற்கேற்பப் பிடித்து வைத்துக்கொள்ளும். தெரியாவிட்டால் தட்டல் பின்தங்கும். கம்பியுள்ள காதொலிப்பானில் ஒரு முறை, கம்பியில்லாததில் ஒரு முறை செய்து பார்த்தால் குற்றவாளி அகப்பட்டுவிடுவார்.

ஒரு வரம்பையும் சொல்லிவிட வேண்டும். இணைய உலாவிகள் விரிக்கும் உறுப்புகளைப் பெரும்பாலும் தமக்குள்ளேயே வைத்திருக்கின்றன. ஆகவே மேற்சொன்ன எல்லாம் தேறியும் உலாவியில் மட்டும் படம் ஓடவில்லையென்றால், உலாவியையோ இணைய இணைப்பையோதான் பார்க்க வேண்டும். அப்போதும் ஒலி அட்டை, வடம், வீழ்த்தி மூன்றும் ஐயத்திலிருந்து விடுபட்டுவிட்டன.

பழுது ஏதும் இல்லாதவர்களும் செய்து பார்க்கத்தக்க ஒன்று இருக்கிறது. இரண்டு சோதனை ஊற்றுகளை 440 ஹெர்ட்ஸிலும் 444 ஹெர்ட்ஸிலும் வைத்து, 'ஆடியோமிக்சர்' என்னும் கலக்கும் உறுப்பின் வழியே ஒரே வடிகாலில் விடலாம். இரண்டும் கூடி அலை சிதையாதிருக்க, ஒவ்வோர் ஊற்றிலும் 'வால்யூம்=0.3' என்று சேர்த்துக்கொள்ள வேண்டும்.

ஜிஎஸ்டி-லாஞ்ச்-1.0 ஆடியோமிக்சர் நேம்=எம் ! ஆட்டோஆடியோசிங்க் ஆடியோடெஸ்ட்எஸ்ஆர்சி ஃப்ரெக்=440 வால்யூம்=0.3 ! எம். ஆடியோடெஸ்ட்எஸ்ஆர்சி ஃப்ரெக்=444 வால்யூம்=0.3 ! எம்.

இரண்டு இடத்திலும் எம் எழுத்தை அடுத்துள்ள புள்ளியை விட்டுவிடக் கூடாது. நொடிக்கு நான்கு விம்மல்கள் கேட்கும். இரு இசைக்கவைகளும் ஒரு துண்டு மெழுகும் வைத்துக்கொண்டு ஆய்வகத்தில் செய்யும் சோதனைதான். 444-ஐ 441 ஆக்கினால் விம்மல் நொடிக்கு ஒன்றாகிறது. கைக்கடிகாரத்தை வைத்துக்கொண்டு எண்ணிப் பார்க்கலாம்.